எச்பி வாங்கிய பிறகு வெப்ஓஎஸ்ஸுக்கு என்ன ஆனது?

ஈசூன் கதிர்:
மாமா வீடு மாறுகிறார். அலமாரியைக் காலி செய்தபோது பழைய எச்பி டச்பேட் ஒன்று கிடைத்தது, வெப்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் டேப்லெட் கணினி. சார்ஜ் போட்டதும் உயிர் வந்துவிட்டது. திறந்த செயலிகள் அட்டை அட்டையாக வரிசையில் நிற்கின்றன. வேண்டாததை விரலால் மேலே தள்ளினால் போய்விடுகிறது. என் இப்போதைய கைப்பேசியும் இதைத்தானே செய்கிறது! 2011இல் வாங்கியதாம். இவ்வளவு நன்றாக இருந்தது ஏன் காணாமல் போனது? மாமாவின் கணக்கு இன்னும் அதில் இருக்கிறது. ரீசெட் செய்துவிட்டு நான் வைத்துக்கொள்ளலாமா?

தெம்பனிஸ்காரன்:
ஐபேடுக்கு முன்னால் நிற்க முடியவில்லை, செயலிகளும் குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

பழைய பாம் ரசிகர்:
தம்பி, ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கும்போது அது கணக்குக் கேட்கும். அதைச் சரிபார்க்கும் சர்வர்களை எச்பி 2015 ஜனவரியில் மூடிவிட்டது. குறுக்கு வழி உண்டு, ஆனால் கணினியில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

அப்புறம், "அவ்வளவுதான்" என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் வெப்ஓஎஸ்ஸுக்குச் செயலி எழுதியவன் நான். இணையப் பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் தெரிந்தால் போதும். கையில் வெப்ஓஎஸ் போன்கூட இல்லை, வேலை முடிந்து வந்து கணினியில் எமுலேட்டரை, அதாவது போனைப் போலவே நடிக்கும் மென்பொருளை, ஓட்டித்தான் எழுதினேன். காலையில் பேருந்து அலெக்சாண்ட்ரா சாலையில் எச்பி கட்டடத்தைத் தாண்டும்போது, இவ்வளவு பெரிய நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது, இனி கவலை இல்லை என்று நினைப்பேன்.

வெப்ஓஎஸ்ஸை உருவாக்கிய பாம் நிறுவனத்தை எச்பி 2010இல் 120 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த முடிவை எடுத்த தலைவர் மார்க் ஹர்ட் ஆகஸ்டிலேயே விலகினார். அடுத்து வந்தவர் லியோ அப்போதேக்கர். 2012 முதல் எச்பியின் ஒவ்வொரு கணினியிலும் வெப்ஓஎஸ் ஓடும் என்று 2011 மார்ச்சில் சொன்னவர் இவரேதான். ஜூலை 1 அன்று டச்பேட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, 16 ஜிபி 499 டாலர். ஆகஸ்ட் 18 அன்று வெப்ஓஎஸ் கருவிகளையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஏழே வாரம்! 99 டாலருக்குத் தள்ளிவிட்டபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. செப்டம்பரில் அவரும் நீக்கப்பட்டார்.

ஒரு இயங்குதளம் காலூன்றப் பல வருடம் ஆகும். அதற்குக் காசு மட்டும் போதாது, நஷ்டம் வரும்போதும் கைவிடாத ஒருவர் மேலே இருக்க வேண்டும். வாங்கியவர் போய்விட்டார், வந்தவருக்கு அது வெறும் செலவுக் கணக்கு. என் பார்வையில் வெப்ஓஎஸ் தோற்றது அங்கேதான்.

புக்கிட் பாத்தோக் மணி:
அண்ணா, ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். டச்பேட் மந்தமாகத்தான் இருந்தது, வெளிவந்தபோதே விமர்சகர்கள் அதைச் சொன்னார்கள். பாம் ஏற்கனவே காசில்லாமல் தள்ளாடியது. எச்பி வாங்காவிட்டால் 2010லேயே கதை முடிந்திருக்கும்.

பழைய பாம் ரசிகர்:
மந்தம்தான், மறுக்கவில்லை. பாமின் பண நெருக்கடியும் உண்மை. ஆனால் மந்தத்தை அடுத்தடுத்த அப்டேட்டுகளில் சரிசெய்யலாம், அதற்குத்தான் அவகாசம் தரவில்லை. அந்த அட்டை வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய மத்தியாஸ் டுவார்ட்டே, எச்பி வாங்குவதாக அறிவித்த அடுத்த மாதமே கூகுளுக்குப் போய் ஆண்ட்ராய்டு வடிவமைப்பைக் கையில் எடுத்தார். கதிர், உங்கள் கைப்பேசியில் அதே அட்டைகளைப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. வெப்ஓஎஸ்ஸை 2013இல் எல்ஜி வாங்கியது. இன்று அவர்களுடைய டிவிகளில் ஓடுவது அதன் வழிவந்ததுதான்.

ஈசூன் கதிர்:
எங்கள் வீட்டு டிவியும் எல்ஜிதான்! நன்றி அண்ணா, ரீசெட் செய்யவில்லை. வேறு எதற்குப் பயன்படும்?

பழைய பாம் ரசிகர்:
இணையம் பார்க்க உதவாது, பல தளங்கள் அதில் திறக்கவே திறக்காது. முதலில் யூஎஸ்பி கேபிளில் மாமாவின் படங்களைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். டச்ஸ்டோன் என்ற சார்ஜிங் ஸ்டாண்டும் அலமாரியில் கிடக்கிறதா பாருங்கள். அதில் சாய்த்து வைத்தால் வயர் குத்தாமலே சார்ஜ் ஏறும், படங்களும் தானாக மாறி மாறி ஓடும். ஸ்டாண்ட் வேண்டாமென்றால் எனக்குச் சொல்லுங்கள், ஈசூன் எம்ஆர்டிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.