உயிருணரியா, உயிர்வழி உணரியா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பயோசென்சர் என்பது நொதி (என்சைம்), எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) போன்ற உயிர்ப்பொருளைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டறியும் கருவி. அதற்குத் தமிழில் 'உயிருணரி' போதும், சுருக்கமாக இருக்கிறது என்று நம் கலைச்சொல் விவாத இழையில் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல் தவறான பொருளைத் தருகிறது. முடிவெடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஒளியுணரி ஒளியை உணர்கிறது, புகையுணரி புகையை உணர்கிறது. இந்த வரிசையில் உயிருணரியைப் பார்க்கும் மாணவர் 'உயிரை உணர்வது' என்றுதான் விரிப்பார், இரண்டாம் வேற்றுமை. நாம் சொல்ல வந்தது 'உயிர்ப்பொருளால் உணர்வது', மூன்றாம் வேற்றுமை. இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. மணிக்கட்டில் கட்டும் கருவி தோலுக்குள் ஒளி பாய்ச்சி இதயத் துடிப்பை எண்ணுகிறது. அதில் நொதியும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை. ஆனால் உயிருள்ள உடலை உணர்வதால் உயிருணரி என்ற பெயர் அதற்கு அப்படியே பொருந்திவிடும். இன்னொரு கருவி, தண்ணீரில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைக் கொண்டு சோதிக்கிறது. நஞ்சு நொதியை முடக்கும். எவ்வளவு முடங்கியது என்பதிலிருந்து நஞ்சின் அளவு தெரியும். அளக்கப்படும் பொருளில் உயிரே இல்லை. அசல் பயோசென்சர் இதுதான், பெயரோ இதற்கு ஒட்டவில்லை.

'மின்விசிறி என்றால் மின்சாரத்தை விசிறுவது என்று யாராவது நினைக்கிறார்களா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மின்சாரத்தை விசிற முடியாது, அதனால் அங்கே பொருள் தானாகத் தெளிந்துவிடுகிறது. உயிரை உணரலாமே! இரண்டு பொருளுக்கும் இடம் இருக்கும்போதுதான் சொல் குழப்பும்.

'உயிரி உணரி'யும் எனக்கு உடன்பாடில்லை. உயிரி என்றால் ஒரு முழு உயிரினம். பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் உணரிகள் உண்டுதான். ஆனால் பெரும்பாலானவற்றில் இருப்பது நொதி, எதிர்ப்பொருள், டிஎன்ஏ இழை போன்ற மூலக்கூறுகள்.

ஆகவே என் பரிந்துரை 'உயிர்வழி உணரி'. உயிர்வேதியியலில் 'உயிர்' எப்படி நிற்கிறதோ அப்படியே இங்கும் நிற்கும். 'வழி' என்ற இரண்டெழுத்து வேற்றுமைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. 1962-இல் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் குளுக்கோஸை அளக்க முன்வைத்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அளவை அறியும் மின்வாயின் (எலக்ட்ரோடு) முன்னால் சவ்வுகளுக்கு இடையே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி. குளுக்கோஸ் வந்தால் நொதி ஆக்சிஜனைச் செலவழிக்கும்; அந்தக் குறைவை மின்வாய் மின்னோட்டமாகக் காட்டும். மின்வாய்க்குக் குளுக்கோஸைத் தெரியாது. நொதியின் வழியாகத்தான் தெரிகிறது.

அப்புறம் இந்த உணரியின் உள்ளுறுப்புகள். பன்னாட்டுத் தூய, பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் 1999-இல் தந்த வரையறையின்படி, உயிர்ப்பொருளாலான அடையாளங்காணும் உறுப்பும், அது கண்டதை அளக்கக்கூடிய குறிகையாக (சிக்னல்) மாற்றும் டிரான்ஸ்டியூசரும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் உறுப்புக்கு 'ஏற்பி' வேண்டாம் என்பேன். ஏற்பி என்றதும் உயிரணுவின் மேல் இருக்கும் ரிசெப்டர்தான் நினைவுக்கு வரும். 'இனங்காணி' என்று வைக்கலாம். எத்தனையோ வகை மூலக்கூறுகள் கலந்த இரத்தத்தில் தனக்கு உரியதை மட்டும் இனங்காண்பதுதானே அதன் வேலை?

டிரான்ஸ்டியூசருக்கு 'ஆற்றல்மாற்றி' என்று பல இடங்களில் எழுதுகிறோம். அகராதிப்படி சரி. ஆனால் இங்கே யாரும் ஆற்றலுக்காக மாற்றவில்லை. ஒரு வேதிநிகழ்வு நடந்தது என்ற செய்தியை மின்குறிகையாகவோ ஒளிக்குறிகையாகவோ ஆக்குகிறார்கள். எனவே 'குறிகையாக்கி'. ஒலிபெருக்கியும் ஒரு டிரான்ஸ்டியூசர்தான், மின்குறிகையை ஒலியாக்குகிறது, அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. ஒப்புக்கொள்கிறேன். உணரிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வோம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இத்தகைய உணரிகளைப் பற்றி எழுதும்போது 'நானோ'வும் வரும், அதை அப்படியே விட்டுவிடலாம். 'நுண்' ஏற்கெனவே நுண்ணோக்கி, நுண்ணுயிரி என்று மைக்ரோ அளவுக்குப் போய்விட்டது. நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு முன்னொட்டு. மீட்டர், கிராம் போல அதுவும் இருக்கட்டும். நானோபொருள், நானோத்துகள் என்று தமிழோடு தடையில்லாமல் சேர்கிறது.

ஆய்வுச் சுருக்கத்தில் வருவதைப் போல ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:

'தங்க நானோத்துகள் படிந்த மின்வாயின் மேல் எதிர்ப்பொருளை இனங்காணியாக நிலைநிறுத்திச் செய்த இந்த உயிர்வழி உணரி, இரத்தத்தில் உள்ள டிரோப்போனின் என்ற இதயத் தசைப் புரதத்தை அளக்கிறது. மின்வாயே இதன் குறிகையாக்கி.'

எனக்கு 'குறிகையாக்கி'யில் மட்டும் நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது. சத்தமாக வாசித்துப் பார்த்து, உங்களுக்கு எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள். அதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் என்னுடையதைக் கைவிடத் தயார். 'உயிர்வழி'யில் உள்ள 'வழி'யை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.