பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 கியர் நொப் கழரவில்லை, உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணம் குருநகரில் இருந்து எழுதுகிறேன். வண்டி மஸ்டா எம்எக்ஸ்-5, 1992, ஐந்து கியர் மனுவல். தோல் உரிந்த பழைய கியர் நொப்பை, அதாவது கியர் தண்டின் மேல்பிடியை, மாற்ற வேண்டும். புதியது கையில் இருக்கிறது, மரை எம்10, பிட்ச் 1.25, சரியான அளவுதான். பழையதுதான் அசைய மாட்டேன் என்கிறது.

இடப்பக்கம் திருகினால் வெளித்தோலும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் இரும்புப் புஷ் (மரை உள்ள சிறு குழல்) கியர் தண்டோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. நொப்பின் அடியில் செம்மண் நிறத்தில் துரு தெரிகிறது. கடற்காற்று அடிக்கிற இடம், பல வருடமாக யாரும் கழற்றியதும் இல்லை.

றப்பர் கையுறை போட்டுத் திருகினேன். டபிள்யூடி-40 அடித்து இரவு முழுக்க ஊற விட்டேன். ஹெயார் ட்ரையரால் சூடு காட்டினேன், தோலின் பசை இளகியதுதான் மிச்சம். துணி சுற்றிப் பைப் ரென்ச் பிடித்தபோது தண்டே திரும்பப் பார்த்தது, உடனே விட்டுவிட்டேன். இந்த வண்டியில் தண்டு நேராகக் கியர்பொக்ஸுக்குள் இறங்குகிறது, கீழே நைலோன் புஷ் வேறு. அதனால் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டவும் மனமில்லை.

ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கராஜில் கிரைண்டரால் வெட்டலாம் என்றார்கள். தீப்பொறி சீற்றில் விழும், மரையும் போய்விடும். அந்தத் தண்டை இங்கே தேடி எடுப்பது லேசில்லை.

மரைக்குச் சேதம் வராமல் அந்த உள் புஷ்ஷை எப்படிக் கழற்றுவது?