புதுப்பிப்பு: வைஸ் பூட்டியாச்சு

வெல்டிங் கடைகளில சாமானை இறுக்கிப் பிடிக்க வச்சிருக்கிற இரும்பு வைஸையே என்ர மரவேலை மேசையில பூட்டலாமோ எண்டு போன மாதம் கேட்டிருந்தன். வேண்டாம், அதின்ர பல் பலகையில பதியும் எண்டு கனபேர் சொன்னீங்கள். கேட்டது நல்லதாப் போச்சு. வவுனியாவில 7 அங்குல மரவேலை வைஸ் ஒண்டு எடுத்து, கிளிநொச்சி வீட்டு மேசையில இடப்பக்கக் காலுக்குக் கிட்டப் பூட்டினன். வலக்கைக்காரருக்குச் சீவுளி தள்ள அந்தப் பக்கம்தான் வசதி.

மேசைப் பலகை பாலை மரம். துளைச்சு முடிக்க ரெண்டு டிரில் பிட் முறிஞ்சுது. “பாலையோட மல்லுக்கட்டுறியோ தம்பி” எண்டு பக்கத்து வீட்டு மாமா சிரிச்சார். ஸ்குரூவை நம்பாமல், போல்ட்டும் வொஷரும் போட்டு இறுக்கினன்.

முதல்தரம் வைஸின்ர இரும்புத் தாடை (பலகையைக் கவ்வுற பக்கம்) மேசைப் பலகையை விட ஒரு நூல் உயர்ந்து நிண்டுது. சீவுளி அலகு அதில பட்டால் கதை முடிஞ்சுது. கழட்டி, அடியில கட்டை குடுத்துத் தாழ்த்தி, ரெண்டு தாடைக்கும் வேப்பம்பலகை பூட்டி, அதை மேசையோட மட்டமாச் சீவினன். இப்ப பிடிச்ச பலகையில ஒரு தழும்பும் இல்லை.

ஒண்டுதான் கரைச்சல்: தாடையின்ர ஒரு ஓரத்தில மட்டும் பலகையைப் பிடிச்சால் தாடை சரியுது. மற்ற ஓரத்தில அதே தடிப்பில ஒரு துண்டுக்கட்டை செருகினால் நிக்குது.