மொறிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின்: கடைக்காரர் ஏ15 எண்டுறார், எப்பிடி உறுதிப்படுத்துறது?

மைனர்வீட்டுக்காரன் (யாழ்ப்பாணம்):
வணக்கம். அப்பப்பா ஓடின மொறிஸ் மைனர் ஒண்டு வீட்டில நிக்குது, 1959 மொடல், 948 சிசி. ரெண்டு தரம் சிலிண்டர் ஓட்டையைப் போர் பண்ணிப் பெருப்பிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓடினது, இப்ப பிளாக் வெடிச்சு தண்ணி ஒயிலுக்குள்ள போகுது, இனி அதில காசு போடேலாது. காரை விக்கவும் மனம் வரேல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு கடையில றீகண்டிஷன் நிசான் எஞ்சின் கியர்பொக்ஸோட கிடக்கு, ஏ15 எண்டு சொல்லி அதுக்கேத்த விலை கேக்கினம். ஆனா நம்பர் அடிச்ச இடம் கிறைண்டர் பிடிச்ச மாதிரி மினுங்குது, ஏ1க்குப் பிறகு வாற அந்த 5 மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஆழமா விழுந்திருக்கு. இன்னும் காசு குடுக்கேல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழையகராஜ் (வவுனியா):
தம்பி, அந்த நம்பரை நம்பாதேங்கோ, ஆனா அதுக்காக எஞ்சின் கூடாது எண்டும் முடிவெடுக்காதேங்கோ. அளந்து பாத்தா எஞ்சினே சொல்லும். போர் எண்டது சிலிண்டர் ஓட்டையின்ர விட்டம், ஸ்ட்றோக் எண்டது பிஸ்டன் மேல கீழ ஓடுற தூரம். இதே நிசான் வகையில ஏ12 எண்டா 1171 சிசி, போர் 73 மில்லிமீற்றர், ஸ்ட்றோக் 70. ஏ14 எண்டா 1397 சிசி, 76க்கு 77. ஏ15 1487 சிசி, போர் அதே 76தான், ஸ்ட்றோக் மட்டும் 82. அப்ப போரை அளந்தா ஏ12ஐ மட்டும்தான் கழிக்கலாம், 14ஓ 15ஓ எண்டு தெரிய ஸ்ட்றோக் அளந்தே ஆகவேணும். சிலபேர் பிளக் ஓட்டையால கம்பி விட்டு அளப்பினம், பிளக் சரிவா நிக்கிறதால அதில பிழை வரும், அஞ்சு மில்லி வித்தியாசத்துக்கு அது காணாது. புது ஹெட் கஸ்கெற் நான் வாங்கித் தாறன், ஹெட்டை, அதுதான் சிலிண்டருக்கு மேல இருக்கிற மூடியை, கழட்டிக் காட்டுங்கோ எண்டு கேளுங்கோ. பிஸ்டனை மேல கொண்டுவந்து ஒருக்கா, அடியில இறக்கி ஒருக்கா, வேர்னியரால ஆழம் பாத்துக் கழிச்சா ஸ்ட்றோக். கழட்டினதோட சுவரில விரல் நகத்தை விட்டுத் தடவுங்கோ, நகம் தடக்குற கீறல் இருந்தா விலை குறையவேணும். ஏற்கெனவே ஓவர்சைஸ் போட்டிருந்தா போர் 76க்குக் கொஞ்சம் கூடக் காட்டும், அதால குழம்பாதேங்கோ.

மலைரோடு (ஹட்டன்):
அண்ணே, எங்க அப்பா கார்ல ஏ12 ஏத்தி பல வருஷமா ஓட்டுறோம், அருமையா ஓடுது. ஆனா எஞ்சினுக்கு முன்னாடி பிரேக்கை பாருங்க. உங்க 948க்கு முன்னாடி டிரம் ஏழு இஞ்சுதான், அது 37 குதிரை சக்திக்கு போட்ட பிரேக். நாங்க எஞ்சினை மாத்திட்டு பிரேக்கை அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டோம், கினிகத்தேனை இறக்கத்துல பெடல் அப்படியே உள்ள போயிடுச்சு, ரெண்டாவது கியர்ல இறக்கி கரையோரமா உரசித்தான் நிறுத்துனாரு அப்பா. பின்னாடி நான் உக்காந்திருந்தேன், இன்னும் மறக்கல. குறைஞ்சது பிந்தி வந்த 1098 சிசி மைனரோட எட்டு இஞ்சு டிரம்மாவது போடுங்க, டிஸ்க் கிடைச்சா இன்னும் நல்லது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில தரைக்குக் கீழ இருக்கும், கார்ப்பெட்டை தூக்கி அதையும் பாத்துடுங்க.

இன்னொண்ணு, மைனர்ல பேட்டரி பிளஸ்தான் பாடியில எர்த். நிசானுக்கு மைனஸ் எர்த். பழைய மாதிரியே பேட்டரியை மாட்டுனீங்கன்னா பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட டயோட் அந்த நிமிஷமே போயிடும். வைப்பர் மோட்டாரும் பெட்ரோல் கேஜும் எப்படி மாட்டினாலும் வேலை செய்யும், பழைய ரேடியோ இருந்தா கழட்டி வச்சிடுங்க.

பழையகராஜ்:
ஹட்டன் தம்பி சொன்னது முழுக்கச் சரி. கிளச்சையும் சேர்த்து யோசியுங்கோ, மைனருக்கு பெடல்லயிருந்து இரும்புத் தண்டுதான் போகுது, நிசான் பெட்டிக்கு கேபிளோ ஹைட்றோலிக்கோ வேணும், எது எண்டு அந்தக் கியர்பொக்ஸைப் பாத்தாத்தான் சொல்லலாம். கியர்பொக்ஸிலயிருந்து பின் அச்சுக்குப் போற புறொப்பெல்லர் சாப்ற் முன்பக்கம் நிசான், பின்பக்கம் மொறிஸ், ரெண்டையும் வெட்டி ஒட்டுறது லேத்தில, பலன்ஸ் பண்ணாமல் பூட்டினா காரே அதிரும்.

மைனர்வீட்டுக்காரன்:
நேற்று போனனான். முதல்ல ஹெட்டைக் கழட்ட மாட்டன் எண்டார், கஸ்கெற்றைக் கையில குடுத்த பிறகு சம்மதிச்சார். நாலு சிலிண்டரும் 76, ஸ்ட்றோக் மூண்டு தரம் அளந்தனான், 77க்கு மேல வரேல்ல. ஏ14தான். சுவர் நல்ல சுத்தம், மூண்டாவதில மட்டும் லேசான ஒரு கோடு, நகம் தடக்கேல்ல. அவர் தனக்கு வந்ததே அப்பிடித்தான் எண்டார், நான் ஏ14 விலைக்குத் தந்தா எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். நம்பர் பிரச்சினையை என்ன செய்யிறது?

பழையகராஜ்:
ஏ14 உங்கட காருக்குத் தாராளம். ஆனா கிறைண்டர் பிடிச்ச நம்பரோட எடுக்காதேங்கோ தம்பி. எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில புது நம்பரைப் பதியவேணும், அங்க வந்து பாக்கிறவர் முதல்ல பாக்கிறது அந்த இடத்தைத்தான். எஞ்சின் நல்லது எண்டாலும் சி.ஆர். எண்டுற வாகனப் பதிவுப் புத்தகத்தில ஏறாட்டி றோட்டில ஏத்தேலாது. இறக்குமதிப் பேப்பரைக் கேளுங்கோ, அதில என்ன நம்பர் இருக்கு எண்டு பாருங்கோ. பேப்பர் இல்லையெண்டா வேற ஒண்டு தேடுவம், நிசான் வனெற் சி120 வானில இருந்து கழட்டின ஏ14, ஏ15 இன்னும் அங்கங்க கிடக்கு. அதுக்குள்ள பிறேக் வேலையைத் துவங்குங்கோ.