காஸ் ஃபயர்பிளேஸ் பற்றவில்லை, அவசரம்

மார்க்கம்வாசி:
வணக்கம். கீழ் அறையில் உள்ள காஸ் ஃபயர்பிளேஸ் பற்றமாட்டேன் என்கிறது. போன மாரியில் நன்றாக எரிந்ததுதான். இரவைக்கு மைனஸ் 18 என்கிறார்கள், ஊரிலிருந்து மாமியும் வந்து நிற்கிறார். யாராவது உடனே சொல்லுங்கள்.

கோடைவிரும்பி:
எந்த வகை? சின்னச் சுடர் எப்போதும் எரிகிற பைலட் வகையா, சுவிச் போட்டதும் தானாகப் பொறி விடுகிற வகையா? காஸ் மணக்கிறதா? இதொன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சாத்திரமா பார்ப்பது?

யாழ்ரோஜா:
றிமோட் பற்றரியைப் பாருங்கள் அண்ணா. எங்கள் வீட்டில் அதுதான் செத்திருந்தது.

மார்க்கம்வாசி:
மணம் இல்லை. கீழே குமிழ் இருக்கிறது, பைலட்டில் வைத்து அமத்தினால் நீலச் சுடர் வருகிறது, கையை எடுத்தால் அணைகிறது.

பழையதணல்:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. ஒவ்வொரு மாரியும் இதே கேள்விக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது, தேடிப் படிக்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, கேளும். சுடருக்குள் நிற்கிற கம்பிதான் தெர்மோகப்பிள், அது சூடேறினால்தான் வால்வைத் திறந்து பிடிக்கிற அளவுக்கு மின்சாரம் வரும். பத்து விநாடியில் கையை எடுத்தால் அணையத்தான் செய்யும். ஒரு நிமிடம் அமத்திப் பிடியும். அணைந்தால் குமிழை ஓஃபுக்குத் திருப்பி, தேங்கின காஸ் போக ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி. பொறுமையில்லாமல் பொறி தட்டிக்கொண்டே இருந்தால் தேங்கின காஸ் ஒரேயடியாகப் பற்றிக் கண்ணாடியே சிதறும்.

கோடைவிரும்பி:
சுடர் அந்தக் கம்பியின் நுனியைச் சுற்றிப் படவேண்டும். சோர்ந்து மஞ்சளாக எரிந்தால் பைலட் துவாரத்தில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கும்.

பனிமனிதன்:
இதற்குத்தான் கோடையிலும் பைலட்டை அணைக்கக்கூடாது என்பது.

ஸ்காபரோக்காரன்:
சும்மா எரிகிறதுக்கு காஸ் பில் நீங்களா கட்டுகிறீர்கள்? தானாகப் பொறி விடுகிற புதியதை வாங்கினால் இந்தத் தலையிடியே இல்லை.

பனிமனிதன்:
2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் சனம் விறைத்தது மறந்துவிட்டதா? வீடு முழுக்கச் சூடாக்குகிற ஃபர்னஸ் நின்றுபோனது, பழைய பைலட் வகை ஃபயர்பிளேஸ் தொடர்ந்து எரிந்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் மில்லிவோல்ட் கணக்கில்தான், அதையும் சுடரே கொடுத்துவிடும்.

ஸ்காபரோக்காரன்:
புதியதில் கரண்ட் போனால் பாவிக்கவென்றே பற்றரிப் பெட்டி வருகிறதே ஐயா.

யாழ்ரோஜா:
பற்றரி என்று நான்தானே முதலில் சொன்னேன்.

பழையதணல்:
பைலட்டே நிற்காத இடத்தில் றிமோட் பற்றரி என்ன செய்யும் தங்கச்சி?

மார்க்கம்வாசி:
பைலட் நின்றுவிட்டது! பெரிய நெருப்பும் வருகிறது, ஆனால் கண்ணாடியில் கரி பிடிக்கிறது. சுடரைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருப்பியும் மாறவில்லை.

கோடைவிரும்பி:
உடனே அணையுங்கள். அந்தக் குமிழ் சுடரின் உயரத்துக்கு மட்டும்தான், கரி வேறு கதை. உள்ளே இருக்கிற செயற்கை விறகுக் கட்டைகளை யாராவது எடுத்தீர்களா?

மார்க்கம்வாசி:
ஓம், தூசி தட்டத்தான். நினைவில் இருந்தபடி திருப்பி வைத்தோம்.

கோடைவிரும்பி:
அப்போ அதுதான். கட்டையில் சுடர் மோதினால் கரி வரும். நன்றாக ஆறவிட்டு, கையேட்டில் உள்ள படத்தின்படி அடுக்குங்கள், கண்ணாடியை இறுகப் பூட்டாமல் எரிக்கவேண்டாம். அப்புறமும் கரி வந்தால், காஸோடு கலக்கிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற காற்றுத் தகட்டைச் சரிசெய்யவேண்டும், அதை நீங்கள் தொடாமல் லைசென்ஸ் உள்ள காஸ்காரரைக் கூப்பிடுங்கள். கார்பன் மொனொக்சைட் என்கிற மணமில்லாத நச்சு வாயு வந்தால் அடிக்கிற அலாரம் வேலை செய்கிறதா? ஒன்ராறியோவில் காஸ் எரிகிற வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அது இருக்கவேண்டும் என்பது சட்டம். காஸ் மணந்தால் லைற் சுவிச்சைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியே போய் 911 அடியுங்கள்.

பழையதணல்:
காற்றுத் தகடு ஒரு திருகாணி வேலை. அதற்கு ஏன் காசு கொடுத்து ஆள்?

கோடைவிரும்பி:
உங்கள் வீட்டில் நீங்கள் திருகுங்கள். அங்கே மாமி படுக்கிறார்.

மார்க்கம்வாசி:
படத்தின்படி அடுக்கியாச்சு, கரி இல்லை. அலாரத்தின் தவணை முடிந்திருக்கிறது, வாங்கப் போகிறேன். அதுவரை அணைத்து வைத்திருக்கிறோம். நன்றி.