பிள்ளைகளோடு பார்க்க மாயா பஜார் சரியாக இருக்குமா?

கேள்வி: சின்ன வயதில் தாத்தா வீட்டு டிவியில் பார்த்த மாயா பஜாரை (1957) இந்த லீவில் என் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. கருப்பு வெள்ளைப் படம், கிட்டத்தட்ட 3 மணி நேரம் வேறு. உட்கார்ந்து பார்ப்பார்களா?

பதில் 1: தாராளமாகக் காட்டுங்கள். ரங்காராவ் கடோத்கஜனாக வந்துவிட்டால் அப்புறம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் லட்டுகள் தானாகப் பறந்து வாய்க்குள் போகும், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவிலேயே செய்த வித்தை அது, இன்றைக்கும் பிசிறு தெரியாது.

பதில் 2: எனக்கு சாவித்திரிதான். பலராமன் மகள் வத்சலாவின் உருவத்தில் இருப்பது கடோத்கஜன் என்பதால், அடுத்தவர் முன்னால் வெட்கப்பட்டு நிற்பவர் ஆள் இல்லாதபோது மீசையை முறுக்கும் தோரணையில் நடப்பார். கல்யாண மேடையில் மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை மிதிக்கும் இடத்தில் எங்கள் வீட்டு வாண்டுகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

பதில் 3: இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று முன்கூட்டியே கதையாகச் சொல்லிவிடுங்கள், பலராமன் ஏன் பேச்சு மாறுகிறார் என்பது அப்போதுதான் ஐந்து வயதுக்குப் புரியும். லட்டு வாங்கி வைக்க மறக்காதீர்கள், கட்டாயம் கேட்பார்கள்!