விளக்கமறியலில் டிஎன்ஏ மாதிரி: தமிழ்ச் சம்மதப் படிவம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். திருகோணமலையில் விளக்கமறியலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்காக ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் தயாராகிறது. சட்டப் பகுதி எழுதியாயிற்று: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 123ஆம் பிரிவு. சந்தேகநபரின் இரத்தம், உமிழ்நீர், முடி, நகம் எடுக்க அவரது சம்மதம் வேண்டும். மறுத்தால் பொலிஸ் நீதவானிடம் கட்டளை பெறவேண்டும். கட்டளை வந்தபின் மறுக்க இடமில்லை. விளங்காத மொழித் தாளில் வைத்த கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் தமிழ்ப் படிவம் கேட்கிறோம்.

ஆய்வுகூட அனுபவம் உள்ளவர்கள் இதைச் சரிபாருங்கள்: உட்கன்னத்தில் தேய்த்த பஞ்சுக்குச்சியைக் காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் இட்டு முத்திரையிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பக்டீரியாவும் பூஞ்சணமும் டிஎன்ஏயைச் சிதைத்துவிடும். உறை கைமாறும் ஒவ்வொரு தடவையும் பெயர், நேரம், ஒப்பம்.

சிக்கல், விடுதலையானவரின் மாதிரி பற்றியது. குற்றத்தீர்ப்பு இல்லாதவரின் டிஎன்ஏயைக் காலவரையின்றி வைத்திருப்பது தனியுரிமை மீறல் என்று எஸ், மார்ப்பர் எதிர் ஐக்கிய இராச்சியம் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008இல் தீர்த்தது. இலங்கை நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். மாதிரியை அழிக்கக் கோரி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கட்டளை கேட்கும் எழுத்துமூல விண்ணப்பம்) இட்ட சட்டத்தரணிகள் இருந்தால், பெயரும் வழக்கிலக்கமும் மறைத்து வாசகத்தை மட்டும் அனுப்புங்கள்.